அனுப்பியவர் யார்?

பாளையங்கோட்டைக்கு வருகின்ற எவரும் அந்நகரின் இரு பேராலயங்களைக் காணாமல் செல்ல இயலாது. ஒன்று, ஊசிக்கோபுரம் என்று ஊரார் அழைக்கும் தூய திரித்துவப் பேராலயம்; இது தென்னிந்தியத் திருச்சபையினுடையது. மற்றொன்று, 1973ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட பாளை மறைமாவட்டத்தின் தூய சவேரியார் பேராலயம். பேராலயம் என்றால் ஆயரின் இருக்கை அமைந்துள்ள கோயில் என்று பொருள். ஆக, ஒரே நகரில் இரண்டு இருக்கைகள். இரண்டில் அமர்பவரும் திருத்தூதர்களின் போதனைக்குத் தாமே பொறுப்பாளர் என்று நம்புகிறார். இரு பக்கத்து மக்களும் ஒரே கடைவீதியில் நடக்கிறார்கள். ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் செல்கிறார்கள். ஒரே தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கிறார்கள். ஆயினும், உங்கள் குருவானவருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தால் உரையாடல் சற்றே தடைப்படுகிறது.

இக்கேள்வி புதியதன்று. எருசலேம் கோவிலில் தலைமைக் குருக்களும் மூப்பர்களும் ஆண்டவரிடமே இதைக் கேட்டார்கள். எந்த அதிகாரத்தால் இவற்றைச் செய்கிறீர் என்பதே அவர்கள் தொடுத்த வழக்கு (மாற்கு 11). அதே வழக்கு 1830களில் திருநெல்வேலிச் சீமையில் இருமுறை நடந்தது: ஒருமுறை புரொட்டஸ்டாண்டு சகோதரர்களின் வீட்டில், மறுமுறை நம் சொந்த வீட்டில். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், திருத்தூதர்களின் அதிகாரம் என்று நாம் அன்றாடம் கூறுகின்ற சொற்றொடரின் பொருள் தெளிவாகும் என்று நம்புகிறோம்.

திருத்தூதர் என்ற சொல்

அப்போஸ்தலர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு அனுப்பப்பட்டவர் என்பதே பொருள். திருத்தூதர் என்ற தமிழ்ச் சொல்லும் அதையே குறிக்கிறது. தூதனுக்குத் தன் சொந்தப் பெயரில் பேச உரிமை இல்லை. அவனை அனுப்பியவர் ஒருவர் இருக்கிறார். அவன் யாரிடம் அனுப்பப்பட்டானோ அவர்களும் இருக்கிறார்கள். இந்த இரு முனைகளில் எது அறுந்தாலும் தூது முறிந்துபோகும்.

புதிய ஏற்பாட்டில் இச்சொல் ஒரே அளவில் பயன்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். முதலாவதாக, பன்னிருவர் உள்ளனர். யூதாசின் இடத்தை நிரப்ப வேண்டி வந்தபோது, யோவானின் திருமுழுக்குக் காலம் முதல் ஆண்டவரோடு இருந்து அவருடைய உயிர்ப்புக்குச் சாட்சியாகக் கூடியவரே தகுதியுள்ளவர் என்று பேதுரு வரையறை செய்தார். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. இவ்வரையறையின்படி பார்த்தால் பவுல் திருத்தூதராக முடியாது. எனினும் உயிர்த்த ஆண்டவரைத் தாம் கண்டதாகவும், அவரே தம்மை அழைத்ததாகவும் அவர் விடாமல் எழுதுகிறார். பர்னபாவுக்கும் அப்பெயர் வழங்கப்படுகிறது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில் அந்திரோனிக்கு, யூனியா ஆகிய இருவரும் திருத்தூதர்களின் வரிசையில் பெருமையோடு குறிப்பிடப்படுகின்றனர். உயிர்ப்பின் செய்தியைத் திருத்தூதர்களுக்கே கொண்டு சென்ற மகதலா மரியாவைத் திருத்தூதர்களுக்குத் தூதர் என்று மரபு போற்றியது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரது நினைவு நாளைத் திருத்தூதர்களின் நாள்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார்.

அதிகாரம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லும் வழியையும் புதிய ஏற்பாடு காட்டுகிறது. அந்தியோக்கியாவில் சபையார் நோன்பிருந்து மன்றாடி, பர்னபா, சவுல் ஆகியோர் மேல் கைகளை வைத்து அனுப்பினார்கள். அவ்விருவரும் பின்னர் ஊர்தோறும் மூப்பர்களை ஏற்படுத்தினார்கள். தீத்துவைக் கிரேத்துத் தீவில் விட்டு வந்ததன் நோக்கமே நகர்தோறும் மூப்பர்களை நியமிப்பதுதான் என்று அவருக்கு எழுதிய திருமுகம் கூறுகிறது. திமொத்தேயுவோ தம்மேல் கைகள் வைக்கப்பட்டபோது பெற்ற அருள்கொடையைத் தூண்டி எரியச் செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். கைகளை வைத்தல் என்ற இந்த எளிய செயலைப் பற்றியே பாளையங்கோட்டையில் பெரும் வழக்கு எழுந்தது.

பாப்பாத்தியம்மாள் முதல் ரேனியஸ் வரை

பாளையங்கோட்டைப் புரொட்டஸ்டாண்டு சபையின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு பெண்மணி. குளோரிந்தா என்ற பிராமணக் கைம்பெண் 1778இல் தஞ்சையில் பணியாற்றிய சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றார். 1785இல் அவர் எழுப்பிய சிறு ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று ஊரார் இன்றும் வழங்குகின்றனர். குருப்பட்டம் பெற்றவர் எவரும் அங்கே நிலையாகத் தங்காத காலத்தில் அச்சபை அவரைச் சுற்றியே கூடியது. பின்னர் சத்தியநாதன் உபதேசியாராக அனுப்பப்பட்டார். 1790இல் அவர் குருப்பட்டம் பெற்றபோது, அவர்மேல் கைகளை வைத்தவர்கள் ஆயர்கள் அல்லர். லூத்தரன் மரபைச் சேர்ந்த குருக்களே. தரங்கம்பாடி மிஷனில் 1733இல் ஆரோன் பட்டம் பெற்றதும் இவ்வாறே. அக்காலத்தில் இந்தியாவில் ஆங்கிலிக்கன் ஆயர் எவரும் இருக்கவில்லை. கல்கத்தாவில் முதல் ஆயர் பதவியேற்றது 1814இல்தான்.

அதே 1814இல் சென்னைக்கு வந்திறங்கினார் ரேனியஸ். பிரஷ்ய நாட்டில் 1790இல் பிறந்து, பெர்லினில் பயின்று, லூத்தரன் முறையில் பட்டம் பெற்றவர். அவரை அனுப்பியதோ ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த சர்ச் மிஷனரி சங்கம். இங்கிலாந்திலிருந்து வர முன்வருவோர் குறைவாக இருந்தமையால் அச்சங்கம் ஜெர்மானியர்களை ஏற்றுக்கொண்டது. 1820இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இவ்வட்டாரத்தின் முகமே மாறியது. நாம் முன்னர் குறிப்பிட்ட தூய திரித்துவ ஆலயம் 1826இல் அவர் கட்டியதே. பிரஷ்யப் பிரபு தோனா அளித்த நன்கொடையால் எழுந்த ஊர் அப்பிரபுவின் பெயராலேயே டோனாவூர் ஆயிற்று. புதிதாகச் சபையில் சேர்ந்தமைக்காக நிலக்கிழார்களால் விரட்டப்பட்டவர்களுக்குக் குடியிருக்க இடம் வாங்கித் தருவதற்கென்று 1830இல் தர்ம சங்கம் தொடங்கப்பட்டது. அவர் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார்; புதிய ஏற்பாட்டைத் தமிழில் செப்பனிட்டு வெளியிட்டார். 1835 அளவில் அவருடைய பொறுப்பில் இருந்த மக்களின் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தது.

இத்தனை மக்களுக்கு ஐரோப்பியர் சிலர் போதுமா? ஊர்களில் அன்றாட ஊழியத்தைச் செய்தவர்கள் தமிழ் உபதேசியார்களே. அவர்கள் கற்பித்தார்கள், மன்றாட்டு நடத்தினார்கள், நோயாளிகளைச் சந்தித்தார்கள், வழக்குகளைத் தீர்த்தார்கள். ஆனால் திருமுழுக்கும் திருவிருந்தும் வழங்கப் பட்டம் பெற்றவர் வரும்வரை மக்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே அவர்களில் தகுதியானவர்களுக்குப் பட்டம் கொடுக்க வேண்டும் என்று ரேனியஸ் விரும்பினார். தரங்கம்பாடி வழக்கப்படி குருக்களாகிய தாமும் தம் தோழர்களுமே கைகளை வைக்கலாம் என்பது அவர் கருத்து. இப்போது ஆயர் இருக்கிறார். ஆகவே ஆயரே பட்டம் கொடுக்க வேண்டும், அதுவும் ஆங்கிலிக்கன் சட்டங்களை ஏற்று ஒப்பமிட்ட பின்னரே கொடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் கட்டளை.

1835

கருத்து வேறுபாடு சில ஆண்டுகள் புகைந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் அமைப்பைப் போற்றிச் சென்னையில் ஒரு குருவானவர் நூல் வெளியிட்டபோது, ரேனியஸ் அதை மறுத்து ஒரு விமர்சனம் எழுதி அச்சேற்றினார். சங்கம் பொறுக்கவில்லை. 1835இல் அவரைப் பணியிலிருந்து விலக்கியது. அவர் தம் தோழர்களோடு ஆற்காட்டுப் பக்கம் புறப்பட்டுப் போனார். உபதேசியார்களும் மக்களும் திரும்பி வருமாறு அவரை வேண்டினார்கள். அதே ஆண்டிலேயே அவர் திரும்பினார். தனி மிஷன் அமைத்தார். ஊர்கள் இரண்டுபட்டன. நேற்றுவரை ஒரே ஜெபவீட்டில் முழங்காலிட்டவர்கள், அந்த ஜெபவீடு யாருக்கு உரியது, உபதேசியாருக்குச் சம்பளம் தருபவர் யார் என்று வாதிடலானார்கள். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கொரிந்தில் எழுந்த கூச்சல், ரேனியஸ் பக்கம், சங்கத்தின் பக்கம் என்று பனங்காட்டு ஊர்களில் எழுந்தது. 1838 சூன் 5ஆம் நாள் ரேனியஸ் பாளையங்கோட்டையில் இறந்தார். அவருக்கு வயது 47. தோழர்களில் சிலர் மீண்டும் சங்கத்தோடு இணைந்தனர். பிளவு மெல்ல ஆறியது.

யார் சொன்னது சரி? கத்தோலிக்கராகிய நாம் எட்ட நின்று இருவருமே தவறு என்று கூறிவிடுவது எளிது. திருநூலை விரித்துப் பார்த்தால் அவ்வளவு எளிதாக நகர்ந்துவிட முடியாது.

ரேனியசின் பக்கத்தில் வலுவான சான்றுகள் உள்ளன. புதிய ஏற்பாட்டில் மூப்பர் என்ற சொல்லும் கண்காணிப்பாளர் என்ற சொல்லும் ஒரே ஆளைக் குறிக்கும் இடங்கள் உண்டு. மிலேத்துவுக்கு வரவழைக்கப்பட்ட எபேசு மூப்பர்களையே பவுல் கண்காணிப்பாளர்கள் என்கிறார். தீத்துவுக்கு எழுதிய திருமுகத்திலும் அவ்வாறே. அதனினும் வலுவான சான்று ஒன்று உண்டு. கொரிந்தியர் பவுலிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டபோது, நீங்களே என் கடிதம் என்ற பொருள்பட அவர் பதில் எழுதினார். அவர்களுடைய விசுவாசமே தம் திருத்தூதுப் பணிக்கு முத்திரை என்றார். பத்தாயிரம் பேரின் விசுவாசத்தைக் காட்டி ரேனியசும் அதே பதிலைச் சொல்லியிருக்கலாம்.

சங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தம் அழைப்பு மனிதரிடமிருந்து வரவில்லை என்று கலாத்தியருக்கு முழங்கிய பவுலே, அதே திருமுகத்தில், எருசலேமுக்குச் சென்று தாம் அறிவித்த நற்செய்தியைத் தலைவர்கள் முன் எடுத்துரைத்ததாகவும் எழுதுகிறார். தம் ஓட்டம் வீணாகிவிடக் கூடாது என்பதே அதற்கு அவர் தரும் காரணம். பேதுருவும் யாக்கோபும் யோவானும் வலக்கை கொடுத்து உறவை உறுதிசெய்தனர். கனி எவ்வளவு மிகுதியாயினும், தனியே ஓடுகிறவன் திருத்தூதன் ஆகான் என்பது பவுல் தம் நடத்தையால் கற்பிக்கும் பாடம். திருச்சபை தொடக்கம் முதலே இதை உணர்ந்திருந்தது. முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமையின் கிளமெந்து கொரிந்தியருக்கு எழுதியபோது, திருத்தூதர்கள் தங்களுக்குப் பின் பணி தொடர ஏற்பாடு செய்தார்கள் என்று நினைவூட்டினார். முறையாக ஏற்படுத்தப்பட்ட மூப்பர்களைத் தள்ளிவிட்டதைக் கண்டித்தார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் இஞ்ஞாசியார் ஆயரைச் சுற்றிக் கூடுமாறு சபைகளை வேண்டினார். அந்நூற்றாண்டின் இறுதியில் இரனேயு உரோமை ஆயர்களின் பெயர்களை வரிசையாகக் கூறி, போதனையின் தொடர்ச்சிக்கு அவ்வரிசையைச் சான்றாக்கினார். ஆயர்கள் இறை ஏற்பாட்டினால் திருத்தூதர்களின் இடத்தில் அமர்ந்துள்ளனர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கற்பித்தது இம்மரபின் வழியிலேயே.

ஆக, கத்தோலிக்க நம்பிக்கையின்படி கைகளை வைத்தல் என்ற தொடர்ச்சி இன்றியமையாதது. இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அத்தொடர்ச்சி இருந்துவிட்டால் மட்டும் போதுமா? இதற்கு விடை தேட நம் வீட்டுக்குள் வர வேண்டும்.

நம் வீட்டு வழக்கு

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். அங்கிருந்து வடக்கே தூத்துக்குடியும் தெற்கே மணப்பாடும் உட்பட்ட முத்துக்குளித்துறையில் பரதவ மக்கள் 1530களில் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் சவேரியார் வந்தார். திருத்தந்தை மூன்றாம் பவுலின் தூதுவர் என்ற ஆணையும், போர்த்துக்கல் அரசரின் ஆதரவும் அவரிடம் இருந்தன. மறைபரப்பு நாடுகளில் கோவில்களுக்குப் பொருளுதவி செய்து, ஆயர்களை முன்மொழியும் உரிமையைத் திருத்தந்தையர் போர்த்துக்கல் அரசர்களுக்கு வழங்கியிருந்தனர். இதுவே பதுருவாதோ எனப்படும் ஞானாதரவு உரிமை. பின்னர் 1622இல் உரோமை நேரடியாக மறைபரப்பை நடத்தப் புரொப்பகாந்தா என்ற பேராயத்தை நிறுவியது. இரு அதிகாரங்களும் ஒரே நிலத்தில் சந்தித்தபோது மோதல் தவிர்க்க முடியாததாயிற்று.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் கோவாவிலிருந்து வந்த குருக்களே இக்கடற்கரையில் அருளடையாளங்களை வழங்கினார்கள். எண்ணிக்கையில் சிலரே ஆயினும், அவர்கள் இல்லாதிருந்தால் பல ஊர்களில் திருப்பலியே நின்றுபோயிருக்கும். இதை நன்றியோடு சொல்ல வேண்டும். பின்பு, மீண்டும் நிறுவப்பட்ட இயேசு சபையின் பிரெஞ்சுக் குருக்கள் புதிய மதுரை மிஷனுக்கு வந்தனர். 1838 ஏப்ரலில், திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார், கொச்சி, கொடுங்கல்லூர், மயிலாப்பூர் ஆகிய பதுருவாதோ மறைமாவட்டங்களின் ஆட்சியுரிமையை நீக்கித் தம் பதிலாள்களான ஆயர்களிடம் அதை ஒப்படைத்தார். ரேனியஸ் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் இது நிகழ்ந்தது. போர்த்துக்கல் அரசரின் இசைவின்றி வந்த ஆணை தங்களைக் கட்டுப்படுத்தாது என்று கோவாக் குருக்கள் கூறினர்.

இதனால் ஒரே ஊரில் இரண்டு பங்குகள், இரண்டு குருக்கள், இரண்டு ஆயர்கள் என்ற நிலை வந்தது. தூத்துக்குடியில் பனிமய மாதா கோவில் கோவாவின் பக்கம் இருக்க, 1849இல் திரு இருதய ஆலயம் இயேசு சபையினரின் கோவிலாக எழுந்தது. திருமணம் செல்லுமா, பாவசங்கீர்த்தனம் செல்லுமா, உம்மை அனுப்பியவர் யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கோவில் சாவிகளும் திருவிழா உரிமைகளும் நீதிமன்றங்களுக்குச் சென்றன. 1886இல் உரோமைக்கும் போர்த்துக்கலுக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரும் சில பங்குகள் மயிலாப்பூரின் கீழேயே தொடர்ந்தன. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானது. லத்தீன் வழிபாட்டு மரபில் நவீன காலத்தின் முதல் இந்திய ஆயராகத் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை பொறுப்பேற்றார். 1928இன் உடன்படிக்கைக்குப் பின்னரே இரட்டை ஆட்சி முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ 90 ஆண்டுகள்!

இங்கே நாம் நிதானித்துச் சிந்திக்க வேண்டும். இவ்வழக்கில் இரு பக்கத்துக் குருக்களும் முறையாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர்களே. கைகளை வைத்தல் என்ற சங்கிலி இரு பக்கமும் அறுபடவே இல்லை. இரு பக்கமும் ஒரே விசுவாச அறிக்கை, ஒரே திருப்பலி. ரேனியசின் வழக்கில் எது இல்லை என்று குறை கூறப்பட்டதோ, அது இங்கே இரு தரப்பாரிடமும் நிறைவாக இருந்தது. ஆயினும் சண்டை அங்கே மூன்று ஆண்டுகள். இங்கே மூன்று தலைமுறைகள். சபையில் தலைமைக்கு ஆசைப்பட்டுச் சகோதரர்களை ஏற்க மறுத்த தியோத்திரபு என்பவரை யோவானின் மூன்றாம் திருமுகம் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. முறையான பட்டமும் தியோத்திரபுவின் மனமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கக் கூடும் என்பதை நம் கடற்கரை வரலாறு காட்டுகிறது.

இடைவெளியை நிரப்பியவர்கள்

அனுப்புவோர் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில் விசுவாசத்தைக் காத்தவர் யார்? சவேரியாரின் நடைமுறையிலேயே இதற்கு விடை உண்டு. இரு மொழியும் அறிந்தவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சென்று கற்பித்தார் அவர். புறப்படும்போது ஒவ்வோர் ஊரிலும் செபங்களின் படியொன்றை விட்டு, ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுப்பது, பிறப்பு, திருமணம் ஆகியவற்றைக் கவனிப்பது, ஆபத்து வேளையில் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது அவருடைய பணி. இந்தக் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்திற்கு, போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து சென்றுகொண்டிருந்த பணத்தையே சவேரியார் கேட்டு வாங்கினார். அரசியின் பாதங்களுக்குச் சென்ற பணம் நற்செய்தி அறிவிப்போரின் பாதங்களுக்குத் திரும்பியது.

இயேசு சபை கலைக்கப்பட்டபோதும், இரட்டை ஆட்சியின்போதும், குரு ஆண்டுக்கொருமுறையே எட்டிப் பார்த்த ஊர்களிலும், மாலை மணியடித்துச் செபமாலை சொல்லியவர்கள் இந்தக் கணக்கப்பிள்ளைகளும் உபதேசியார்களும் அவர்களுடைய வீட்டுப் பெண்களும்தான். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1745இல் திருமுழுக்குப் பெற்றவர் நீலகண்ட பிள்ளை. அவருக்கு விசுவாசத்தை முதலில் எடுத்துரைத்தவர் குரு அல்லர். திருவிதாங்கூர் படையில் பணியாற்றிய டி லனாய் என்ற அலுவலர். பொதுநிலையினர் ஒருவர் மற்றொரு பொதுநிலையினருக்குக் கிறிஸ்துவைக் காட்டினார்; பின் திருமுழுக்குக்காகக் குருவிடம் அனுப்பினார். அவரே 2022 மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம். கூடவே பாப்பாத்தியம்மாளையும், ரேனியசின் பெயரறியா உபதேசியார்களையும் நினைவில் கொள்வோம். நம் வேலிகளுக்கு இரு புறமும் ஒரே கதைதான் நடந்திருக்கிறது.

இதனால் குருத்துவம் தேவையில்லை என்று ஆகிவிடுமா? இல்லை. அம்மக்களே குருவுக்காக ஏங்கினார்கள், விண்ணப்பம் எழுதினார்கள், ரேனியஸ் பட்டம் கொடுக்கத் துடித்ததும் அந்த ஏக்கத்தைக் கண்டே. ஆங்கிலிக்கன் சங்கத்தின் பாதையில் 1830இல் பட்டம் பெற்ற ஜான் தேவசகாயமும் இதே மண்ணில் மக்களுக்கு உழைத்தவரே. மறுபுறம், எல்லா அனுப்புதலையும் உதறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கே எடுத்துக்காட்டு உண்டு. நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் 1857இல் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் ஐரோப்பிய மிஷனரிகளின் தலைமையை மறுத்து, இந்து கிறிஸ்தவ சபையை நிறுவினார். மிஷனரிகள் தம் மக்களை இழிவாக எண்ணியதைக் கண்டு எழுந்த அவருடைய தன்மானம் நியாயமானது. ஆனால் திருநூலைத் தாமே வாசித்து, சனிக்கிழமை ஓய்வு முதல் பல பழைய ஏற்பாட்டு ஒழுங்குகளை அவர் மீண்டும் கொண்டுவந்தார். எருசலேம் சங்கத்தில் திருத்தூதர்களும் மூப்பர்களும் மக்களும் கூடித் தீர்த்த சிக்கலை, ஒருவர் தனித்து மீண்டும் தொடக்கத்திலிருந்து அவிழ்க்க வேண்டியதாயிற்று.

கடைமடை

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைசியானது 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஸ்ரீவைகுண்டம் அணை. இங்குள்ள விவசாயிக்கு வாய்க்காலைப் பற்றி நாம் எதுவும் கற்பிக்கத் தேவையில்லை. தலைமடை அடைபட்டால் வாய்க்கால் வெறும் பள்ளம் என்பதை அவர் அறிவார். அதுபோலவே, தலைமடையில் நீர் பொங்கி வழிந்தாலும் கடைமடை வயல் காய்ந்து கிடந்தால், அந்த வாய்க்காலைப் பற்றிப் பெருமை பேச அவர் ஒருபோதும் இசைய மாட்டார். திருத்தூதர்களின் அதிகாரமும் இத்தகையதே. அது கிறிஸ்துவிடமிருந்து தடையின்றி வர வேண்டும். அதற்காகவே கைகளை வைத்தலும் ஆயர் வழிமரபும். அது கடைசி ஊரின் கடைசி வீடுவரை போய்ச் சேர வேண்டும். அதற்காகவே அது கொடுக்கப்பட்டது. 1830களில் ஒரு வீட்டார் தலைமடை யாருடையது என்றும், மற்றொரு வீட்டார் வாய்க்காலின் சாவி யாரிடம் என்றும் வழக்காடினார்கள். கடைமடையில் நின்றவர்கள் உபதேசியார்கள்.

இப்பாடத்தைப் பின்வந்தவர்கள் ஓரளவு கற்றுக்கொண்டார்கள். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆயரிடம் பட்டம் பெறாத ஊழியர்களும் அவ்வாறே ஏற்கப்பட்டார்கள். இனிவரும் பட்டங்களை ஆயர்களே கொடுப்பது என்றும் முடிவாயிற்று. ரேனியஸ் நீக்கப்பட்டு 112 ஆண்டுகள் கழித்து, அவருடைய மக்களின் வழித்தோன்றல்கள் இரு பக்கத்து நியாயத்தையும் ஒரே ஏட்டில் எழுதினார்கள். 1982இல் லீமா நகரில் உருவான ஒன்றிப்பு ஏடு, ஆயர் வழிமரபு திருச்சபையின் தொடர்ச்சிக்கும் ஒன்றிப்புக்கும் அடையாளமே ஒழிய உத்தரவாதம் ஆகாது என்ற கருத்தை முன்வைத்தது. அடையாளம் என்பதை இன்னும் ஆழமாகச் சொல்ல வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை கேட்டது. அதற்குக் காரணமும் உண்டு. ஆயினும் பதுருவாதோ வழக்கை அறிந்த நாம், உத்தரவாதம் ஆகாது என்ற சொல்லைக் கேட்டு அதிர்ச்சியடையத் தேவையில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆயரின் அதிகாரத்தைப் பணிவிடை என்றே பெயரிட்டது. திருமுழுக்கும் உறுதிபூசுதலும் பெற்ற ஒவ்வொருவரையும் ஆண்டவரே திருத்தூதுப் பணிக்கு அமர்த்துகிறார் என்றும் கற்பித்தது. 2024 அக்டோபரில் நிறைவுற்ற ஆயர் மாமன்றம் இன்னும் ஒரு படி சென்று, பங்குப் பேரவை போன்ற அமைப்புகள் எங்கும் உண்மையாகவே இயங்க வேண்டும், பொறுப்பில் இருப்போர் மக்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. கணக்கு என்ற சொல்லைக் கேட்கும்போது நமக்குக் கணக்கப்பிள்ளை நினைவுக்கு வர வேண்டும். அவர் ஊர் மக்களுக்கும் தெரிந்தவர். குருவுக்கும் பதில் சொன்னவர்.

இன்றைய பங்குகளில் பதுருவாதோவும் இல்லை, ரேனியசும் இல்லை. ஆனால் சாவிகள் இருக்கின்றன: கோவில் சாவி, உண்டியல் சாவி, திருவிழாப் பட்டியலில் முதல் மண்டகப்படி யாருக்கு என்ற சாவி. பங்குத்தந்தை தாம் திருநிலைப்படுத்தப்பட்டதைக் காட்டிப் பேச்சை முடித்துவிடுவதும், மக்களில் சிலர் கோவில் எங்கள் முன்னோர் கட்டியது என்று கூறிப் பேச்சை முடித்துவிடுவதும் நாம் அறியாதவை அல்ல. முதலாமவர் அனுப்பியவரை மட்டும் நினைக்கிறார். இரண்டாமவர் பெற்றுக்கொண்டவரை மட்டும் நினைக்கிறார். இரண்டு முனையும் சேர்ந்தால்தான் தூது.

எந்த அதிகாரத்தால் என்று கேட்டவர்களுக்கு ஆண்டவர் பட்டயம் எதையும் எடுத்துக் காட்டவில்லை. யோவான் கொடுத்த திருமுழுக்கு விண்ணகத்திலிருந்து வந்ததா, மனிதரிடமிருந்து வந்ததா என்று திருப்பிக் கேட்டார். அவர்கள் மக்களுக்கு அஞ்சி, தெரியாது என்றார்கள். பின்னர் இறுதி இரவுணவில் அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தாம் அனுப்பப்போகிறவர்களின் பாதங்களைக் கழுவினார். பெரிய வியாழனன்று இதே செயலைச் செய்ய நாங்கள் குனியும்போது, எங்கள் முன் அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் உபதேசியாராக, ஒருவர் அன்பியப் பொறுப்பாளராக, ஒருவர் மறைக்கல்வி கற்பிப்பவராக இருக்கக் கூடும். எங்கள் தலைமேல் கைகளை வைத்தவர் ஆயர். அக்கைகள் எதற்காக வைக்கப்பட்டன என்பதை எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பவை அந்தப் பாதங்கள்.